எல்லாருமே ரேங்க் பூஜ்ஜியம்: 16 கோரில் ஓடிய 16 தனிமரங்கள்

ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்கு அவ்வப்போது சிஸ்டம் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அவர்களிடம் ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட் (செயலி பொருத்தும் இடம்), சாக்கெட்டுக்கு 8 கோர் (தனித்துக் கணக்குப் போடும் அலகு), ஆக 16 கோர். இரண்டிலும் உபுண்டு 22.04. முக்கியமாக ஓடுவது லாம்ப்ஸ். சாண்டியா தேசிய ஆய்வகத்தில் பிறந்த மூலக்கூறு இயக்கவியல் நிரல் அது. அணுக்கள் நிறைந்த பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு புராசஸ் (ஓடும் நிரலின் ஒரு பிரதி) என்று, புராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான தரநிலையான எம்பிஐ வழியாகப் பிரித்துக் கொடுத்துக் கணக்குப் போடும்.

வந்த புகார் இதுதான்: 16 கோரில் ஓட்டினாலும் ஒரு கோரில் ஓட்டுகிற நேரம்தான் ஆகிறது, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. ஆய்வு மாணவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “டாப்-ல பாருங்க சார், பதினாறும் நூறு சதவீதத்துல ஓடுது. அப்புறம் ஏன் மெதுவா இருக்கு?” அவர் சொன்னது உண்மைதான். எந்த நிரல் கோரை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாப் கட்டளையில் லாம்ப்ஸ் என்ற பெயரில் 16 வரிகள், ஒவ்வொன்றிலும் 100 சதவீதம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த வகைப் பழுது பல நாள் கண்ணில் படாமல் கிடப்பதற்குக் காரணமே இந்த அழகுதான். கோர் வேலை செய்கிறதா என்று டாப் சொல்லும். எந்த வேலையைச் செய்கிறது என்று சொல்லாது.

பெரிய கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, லாம்ப்ஸோடு கூடவே வரும் பெஞ்ச் கோப்புறையிலிருந்து லென்னார்டு-ஜோன்ஸ் சோதனையை எடுத்துக்கொண்டேன். 32,000 அணுக்கள், 100 படிகள், நொடிக்கணக்கில் முடிந்துவிடும். புராசஸ்களைக் கிளப்பும் எம்பிஐரன் கட்டளைக்கு 16 என்று எண் கொடுத்து ஓட்டியதும் திரையில் எல்லா வரியும் 16 முறை வந்து குவிந்தது. பதிப்பு வரி 16 முறை, பெட்டியின் அளவு 16 முறை. அதற்கு நடுவே முக்கியமான வரி: “1 பை 1 பை 1 எம்பிஐ புராசஸர் கிரிட்”. கடைசியில் லூப் டைம் வரியில் “1 புராக்ஸ்” என்று இருந்தது, அதுவும் 16 முறை.

அங்கேயே நோய் புரிந்துவிட்டது. லாம்ப்ஸ் பெட்டியை எத்தனை துண்டாக வெட்டியது என்பதை அந்த கிரிட் வரி சொல்கிறது. மூன்று எண்களையும் பெருக்கினால் புராசஸ்களின் எண்ணிக்கை வர வேண்டும். இங்கே வந்தது 1. அதாவது 16 பேர் சேர்ந்து ஒரு கணக்கைப் போடவில்லை. 16 பேரும் முழுக் கணக்கையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன்னை ரேங்க் பூஜ்ஜியம் (எண் வரிசையில் முதல் ஆள்) என்றும், உலகத்தில் தான் ஒருவன்தான் என்றும் நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நேரம் குறையாததற்கு இதுவே காரணம். 16 பிரதிகளும் கேஷுக்கும் நினைவகத்துக்கும் முட்டி மோதுவதால் சில சமயம் கூடவே ஆகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்பிஐரன் செய்வது நாம் நினைப்பதைவிடச் சின்ன வேலை. நாம் கேட்ட எண்ணிக்கையில் புராசஸ்களைக் கிளப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் “உன் எண் இது, மொத்தம் இத்தனை பேர், மற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த வழியில் கேள்” என்ற தகவலைச் சூழல் மாறிகளாகக் கொடுத்து அனுப்புகிறது. நிரலுக்குள் எம்பிஐ_இனிட் என்ற தொடக்க அழைப்பு ஓடும்போது எம்பிஐ நூலகம் அந்த மாறிகளைத் தேடுகிறது. கண்டுபிடித்தால் கிளப்பியவரோடு பேசி, கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. கண்டுபிடிக்கவில்லை என்றால்? “என்னை யாரும் கூட்டமாகக் கிளப்பவில்லை, சும்மா கட்டளை வரியில் நேரடியாக ஓட்டியிருக்கிறார்கள்” என்று எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகத் தொடர்கிறது. அது பிழை இல்லை, அப்படி ஒற்றையாக ஓட எம்பிஐ தரநிலையிலேயே இடம் இருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கைகூட வருவதில்லை.

எந்த மாறிகள், எந்த வழி என்பதைத் தரநிலை சொல்லவில்லை. முதல் எம்பிஐ தரநிலை 1994-ல் வந்தபோது நிரலை எப்படிக் கிளப்புவது என்பதையே அதில் வரையறுக்கவில்லை. 1997-ல் எம்பிஐ-2 வந்தபோது எம்பிஐஎக்ஸெக் என்ற கட்டளையைப் பரிந்துரையாகத்தான் சேர்த்தார்கள். உள்ளே நடக்கிற பேச்சுவார்த்தை அந்தந்த நூலகத்தின் சொந்த விஷயம். ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்து வருகிற எம்பிச் என்ற எம்பிஐ நூலகம், ஹைட்ரா என்ற கிளப்பியை வைத்திருக்கிறது. அது பிஎம்ஐ_ரேங்க், பிஎம்ஐ_சைஸ், பிஎம்ஐ_எஃப்டி என்ற மாறிகளைக் கொடுக்கும். இன்னொரு நூலகமான ஓப்பன் எம்பிஐ கொடுப்பது ஓஎம்பிஐ_காம்_வேர்ல்ட்_ரேங்க், பிஎம்ஐஎக்ஸ்_ரேங்க் போன்றவை. ஒருவர் கிளப்பி, மற்றவர் நூலகம் என்று கலந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு மொழியில் பேசும். விளைவு, கேட்ட எண்ணிக்கையில் தனிமரங்கள்.

ஆக, தேட வேண்டியவை இரண்டே விஷயங்கள்தான். கிளப்புவது யார்? நிரல் யாருடைய பேச்சைக் கேட்கும்?

முதல் கேள்விக்கு எம்பிஐரன் கட்டளையிடமே லாம்ப்ஸுக்குப் பதிலாக என்வ் கட்டளையைக் கொடுத்து, இரண்டே பிரதியாக ஓட்டச் சொன்னேன். சூழல் மாறிகள் எல்லாம் திரையில் கொட்டும். பிஎம்ஐ, ஓஎம்பிஐ என்று தொடங்குபவற்றை மட்டும் கிரெப் கட்டளையால் வடிகட்டிப் பார்த்தால் போதும். வந்தவை பிஎம்ஐ_ரேங்க், பிஎம்ஐ_சைஸ், பிஎம்ஐ_எஃப்டி. ஓஎம்பிஐ என்று ஒன்றுகூட இல்லை. ஆக, கிளப்பியது ஹைட்ரா. விச் கட்டளையில் எம்பிஐரன் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் மாணவரின் கோண்டா (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) கோப்புறையைக் காட்டியது.

இரண்டாவது கேள்விக்கு எல்டிடி. லாம்ப்ஸின் இயங்கு கோப்பை எல்டிடியிடம் கொடுத்தால் அது தேடும் நூலகங்களைப் பட்டியலிடும். அங்கே ‘லிப்எம்பிஐ டாட் எஸ்ஓ டாட் 40’, அதுவும் ‘ஆப்ட்’ கோப்புறைக்குள் மூலநிரலிலிருந்து கட்டி வைத்திருந்த ஓப்பன் எம்பிஐ 4.1-ஐக் காட்டியது. அந்தக் கடைசி எண்ணே ஒரு நல்ல அடையாளம். 40 என்றால் ஓப்பன் எம்பிஐ. 12 என்றால் எம்பிச் அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட இன்டெல் எம்பிஐ போன்றவை. இந்த 12 குடும்பத்தினர் 2013-லேயே தங்களுக்குள் பைனரி ஒத்திசைவு பேசிக்கொண்டவர்கள் என்பதால் அவர்களுக்குள் இடம் மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். 40-க்கும் 12-க்கும் நடுவே அது செல்லாது. எம்பிச்சில் கம்யூனிகேட்டர் (சேர்ந்து பேசும் புராசஸ் குழுவின் அடையாளம்) என்பது ஒரு முழு எண், ஓப்பன் எம்பிஐயில் அது ஒரு பாயிண்டர் (நினைவக முகவரி).

கதை இப்படி நடந்திருக்கிறது. லாம்ப்ஸ் கட்டியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு வேறொரு வேலைக்காக பைத்தானில் எம்பிஐ பயன்படுத்த உதவும் எம்பிஐ4பை தேவைப்பட்டு, கோண்டா வழியாக நிறுவியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு தனக்குத் தேவையான எம்பிச்சையும் அதன் எம்பிஐரன்னையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் கோண்டாவின் அடிப்படைச் சூழல் தானாகவே செயலுக்கு வந்து, கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் தன் கோப்புறையை முன்னால் போட்டுக்கொள்ளும். அன்றிலிருந்து எம்பிஐரன் என்று அடித்தால் வருவது வேறு ஆள்.

இவ்வளவு நாள் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்ற கேள்விதான் எனக்கு இதைவிடச் சுவாரசியமாக இருந்தது. 16 பிரதிகள் ஒரே கோப்புறையில், ஒரே பெயருள்ள லாக் கோப்பிலும், அணுக்களின் நிலையைப் பதியும் டம்ப் கோப்பிலும் எழுதினால் எல்லாம் குப்பையாகியிருக்க வேண்டாமா? திறந்து பார்த்தால் டம்ப் கோப்புகள் ஒழுங்காகவே இருந்தன. யோசித்துப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. 16 பிரதிகளுக்கும் ஒரே உள்ளீடு, ஒரே ரேண்டம் விதை, ஒரே இயங்கு கோப்பு. ஆகவே 16-ம் எழுதுகிற பைட்டுகள் ஒன்றே. ஒவ்வொரு புராசஸும் கோப்பைத் தனியாகத் திறந்து, தன் சொந்த இடக்குறிப்பில் எழுதுகிறது. ஒருவர் எழுதிய இடத்தில் இன்னொருவர் அதே எழுத்தைத் திரும்ப எழுதுகிறார். தாமதமாகத் திறந்தவர் கோப்பைக் காலி செய்துவிட்டாலும், அவரே பிறகு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார். முடிவில் பார்த்தால் ஒருவரே எழுதிய கோப்பு மாதிரி இருக்கும். லாக் கோப்பின் வால் பகுதியில் மட்டும்தான் குட்டு வெளிப்பட்டது. லூப் டைம் ஒவ்வொரு பிரதிக்கும் கொஞ்சம் மாறும், எண்ணின் நீளமும் மாறும், அதனால் கடைசிச் சில வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கிக் கிடந்தன. திரை வெளியீட்டையோ, நீண்ட ஓட்டம் என்பதால், போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

நல்ல செய்தி, முடிவுகள் தப்பில்லை; மின்சாரமும் காலமும்தான் போயிற்று. இருந்தாலும் பழைய லாக் கோப்புகளை எல்லாம் கிரெப்பில் போட்டு “1 பை 1 பை 1” இருப்பவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு வைத்தோம். வேக ஒப்பீட்டு வரைபடம் எதிலாவது அந்த நேரங்களைப் போட்டிருந்தால் அது தப்பு.

திருத்தத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கோண்டாவின் தானியங்கிச் செயலாக்கத்தை அணைத்தோம். ‘ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ்’ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். வேலை ஸ்கிரிப்டுகளில் வெறும் எம்பிஐரன் என்று எழுதாமல், ‘ஆப்ட்’ கோப்புறையில் தொடங்கும் முழுப் பாதையையும் எழுதினோம். எம்பிஐ4பை வேண்டும் என்பவருக்குத் தனிச் சூழல், அதற்குள் அதற்குரிய எம்பிஐரன். இரண்டும் ஒரே நூலகத்தில்தான் ஓட வேண்டும் என்றால் எம்பிஐ4பையை பிப் வழியாக, பைனரி வேண்டாம் என்று சொல்லி, நம்முடைய எம்பிஐசிசி கம்பைலர் கொண்டே கட்டிக்கொள்ளலாம். மறுபடி பெஞ்ச் ஓட்டியபோது “2 பை 2 பை 4” வந்தது, ஒவ்வொரு வரியும் ஒரே முறை.

சந்தேகம் வரும்போதெல்லாம் லாம்ப்ஸையே ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஒரு சின்ன சி நிரலும் எழுதி வைத்தேன். ரேங்க், மொத்த எண்ணிக்கை, கணினியின் பெயர், புராசஸ் எண், தனக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களின் பட்டியல், அப்புறம் எம்பிஐ_கெட்_லைப்ரரி_வெர்ஷன் தருகிற வரி. இவ்வளவையும் அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். அந்தக் கடைசி அழைப்பு எம்பிஐ-3-ல், அதாவது 2012-ல் வந்தது. நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் நிரலின் வாயாலேயே கேட்கலாம். எல்டிடி பார்த்து ஊகிக்க வேண்டாம். அடுத்து வந்த பழுதுகளுக்கும் இந்த நிரல்தான் கை கொடுத்தது.

ஒன்று சரியானதும் இரண்டு கணினியையும் சேர்த்து 32 புராசஸ் ஓட்ட ஆசை வந்தது. வராமல் இருக்குமா? கணினிகளின் பட்டியலான ஹோஸ்ட்ஃபைலில் இரண்டு பெயரையும், ஆளுக்கு 16 ஸ்லாட் என்றும் எழுதி ஓட்டியதும், ‘ஆர்டெட் கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்து நின்றது. இது சுலபமான பழுது. ஓப்பன் எம்பிஐ 4.1, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அடுத்த கணினிக்குப் போய் ஆர்டெட் என்ற தன் ஏவலாளை முதலில் கிளப்பும்; அந்த ஆள்தான் அங்கே புராசஸ்களைக் கிளப்புவார். அந்தக் கணினியில் நாமே லாகின் செய்து பார்த்தால் ஆர்டெட் இருக்கிறது, விச் கட்டளையும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் எஸ்எஸ்எச் வழியாக ஒற்றைக் கட்டளையை மட்டும் அனுப்பும்போது ஷெல் ஊடாடும் நிலையில் இல்லை. ஷெல்லின் தொடக்க அமைப்புகளை வைத்திருக்கும் உபுண்டுவின் பாஷ்ஆர்சி கோப்பு தொடக்கத்திலேயே ‘ஊடாடும் ஷெல் இல்லையா, திரும்பிப் போ’ என்று எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே சேர்த்த பாத் வரிகள் எதுவும் படிக்கப்படாது. எஸ்எஸ்எச்-க்கு என்வ் கட்டளையைக் கொடுத்து அங்கே கிடைக்கும் பாத் என்ன என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எம்பிஐரன்னை முழுப் பாதையோடு கூப்பிட்டால் ஓப்பன் எம்பிஐ அதையே ப்ரிஃபிக்ஸாக எடுத்துக்கொண்டு, அடுத்த கணினியிலும் அதே கோப்புறையில் ஆர்டெட்டைத் தேடும். ஸ்கிரிப்டில் ஏற்கனவே முழுப் பாதை எழுதியிருந்தோம். மாணவர் கையால் அடித்துப் பார்த்ததில்தான் இது வெளியே வந்தது.

அதற்கடுத்தது கொஞ்சம் பிடிவாதக்காரப் பழுது. ஹோஸ்ட்நேம் கட்டளையை 32 ஆகக் கிளப்பினால் இரண்டு பெயரும் பதினாறு பதினாறாக வருகின்றன. என் சின்ன நிரலும் 0 முதல் 31 வரை ரேங்க் காட்டுகிறது. லாம்ப்ஸ் மட்டும் தொடங்கியதும் உறைந்து நிற்கிறது. டாப் பார்த்தால் மறுபடியும் எல்லாம் 100 சதவீதம். கிளப்புவதில் கோளாறு இல்லை என்பது என் நிரல் ஓடியதிலிருந்தே தெரிகிறது. அது யாரோடும் தரவு பரிமாறுவதில்லை, லாம்ப்ஸ் பரிமாறுகிறது. ஆகவே கோளாறு முதல் செய்தி போகிற பாதையில் இருக்க வேண்டும். வலைப்பின்னல் முகவரிகளைக் காட்டும் ஐபி ஏடிடிஆர் கட்டளையை இரண்டு கணினியிலும் ஓட்டி அருகருகே வைத்துப் பார்த்ததும் சிக்கியது. இரண்டிலும் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் இருந்தது, இரண்டிலும் டாக்கர்0 என்ற மெய்நிகர் இடைமுகத்துக்கு 172.17.0.1 என்ற அதே முகவரி. ஓப்பன் எம்பிஐயின் டிசிபி பகுதி கண்ணில் படும் இடைமுகங்களை எல்லாம் பயன்படுத்தப் பார்க்கும். இரண்டிலும் ஒரே வலைப்பின்னல் எண் தெரிந்ததால், இந்த வழியாகவும் அடுத்த கணினிக்குப் போகலாம் என்று நம்பி, தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கிறது.

‘பிடிஎல்_டிசிபி_ஐஎஃப்_இன்க்ளூட்’ என்ற அமைப்பில் எங்கள் உண்மையான ஈதர்நெட்டின் முகவரி வரம்பை மட்டும் கொடுத்ததும் ஓடியது. அதேபோல் ‘ஓஓபி_டிசிபி_ஐஎஃப்_இன்க்ளூட்’-க்கும் கொடுத்தோம். இரண்டு வரிகளையும் ஓப்பன் எம்பிஐயின் ஈடிசி கோப்புறையில் இருக்கும் எம்சிஏ பாராம்ஸ் கோப்பில் எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் கட்டளையில் அடிக்க வேண்டியதில்லை. சாதாரண ஈதர்நெட்டில் 32 புராசஸ் ஓட்டி என்ன லாபம் என்று கேட்டால், சிறிய பெட்டிக்கு லாபமே இல்லை. பெரிய பெட்டிக்குக் கொஞ்சம் உண்டு. ஆளுக்கு ஒரு கணினியில் தனித்தனிக் கணக்கை ஓட்டுவதே நல்லது என்பதுதான் என் கருத்து. ஆனால் கேட்பார்கள், செய்து கொடுக்க வேண்டும்.

கடைசியாக வந்தது இன்னொரு மாணவரின் கேள்வி. அவர் ஓப்பன்எம்பியும் (ஒரு புராசஸின் வேலையை அதற்குள்ளேயே த்ரெட் எனும் இழைகளாகப் பிரிக்கும் முறை) எம்பிஐயும் கலந்து ஓட்டுகிறவர்: சாக்கெட்டுக்கு ஒரு புராசஸ், புராசஸுக்கு 8 த்ரெட். எம்பிஐரன்னுக்கு 2 கொடுத்து, ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியில் 8 போட்டு, லாம்ப்ஸுக்கு ஓஎம்பி பின்னொட்டும் கொடுத்து ஓட்டுகிறார். 16 கோரும் வேலை செய்ய வேண்டும். ஆனால் டாப்பில் இரண்டு வரி, இரண்டிலும் 100 சதவீதம்தான். 800 வர வேண்டும். இங்கே டாப் உண்மையைச் சொன்னது என்பதையும் பதிந்துவைக்க வேண்டும், முதலில் அதைத் திட்டிவிட்டோம் அல்லவா.

கிரிட் வரி சரியாகவே இருந்தது, இரண்டு புராசஸும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. என் சின்ன நிரல் அச்சிட்ட கோர் பட்டியலில் விடை இருந்தது. ரேங்க் 0-க்கு அனுமதி ஒரே ஒரு கோர், ரேங்க் 1-க்கும் ஒரே ஒரு கோர். புராசஸ் எண்ணிக்கை 2 அல்லது அதற்குக் கீழே என்றால் ஓப்பன் எம்பிஐ 4.1 ஒவ்வொன்றையும் ஒரு கோரோடு கட்டிப்போடும். அதுதான் அதன் இயல்பு நிலை. அதற்கு மேலே போனால் இன்னும் அகலமான இடத்தில் விடும். அந்த ஒரு கோருக்குள் 8 த்ரெட்டும் அடைந்து முறை போட்டு ஓடிக்கொண்டிருந்தன. ரிப்போர்ட்-பைண்டிங்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் எம்பிஐரன்னே எந்த ரேங்க் எந்தக் கோரில் என்று படம் போட்டுக் காட்டும். மேப்-பை என்பதற்கு ‘சாக்கெட்:பிஇ=8’ என்று கொடுத்ததும் ஆளுக்கு 8 கோர் கிடைத்தது. இதே இயல்பு நிலையால் வேறொன்றும் நடக்கும்: ஒரே கணினியில் இரண்டு பேர் தனித்தனியாக இரண்டு புராசஸ் ஓட்டினால், இரண்டு பேருடைய வேலையும் அதே முதல் இரண்டு கோர்களில் போய் உட்காரும், மீதி 14 சும்மா இருக்கும். ஒரு எம்பிஐரன்னுக்கு இன்னொன்று இருப்பது தெரியாது. அப்படிப் பங்கிட்டு ஓட்டும்போது பைண்ட்-டு என்பதற்கு ‘நன்’ கொடுத்து, இயங்குதளத்திடமே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்லர்ம் போன்ற வேலை மேலாளர் இருக்கிற இடங்களில் இந்தக் கடைசித் தொல்லை குறைவு, முதல் தொல்லை அப்படியே உண்டு. அங்கே கிளப்புவது எஸ்ரன்; அது எந்த மொழிகளைப் பேசும் என்பதை ‘எம்பிஐ=லிஸ்ட்’ என்று கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஓப்பன் எம்பிஐயில் ஸ்லர்முக்கான பிஎம்ஐ ஆதரவு இல்லாமல் எஸ்ரன்னால் கிளப்பினால், குறைந்தபட்சம் அதைச் சொல்லிவிட்டு நிற்கிறது. 2025 ஜூனில் வந்த எம்பிஐ 5.0, நூலகங்களுக்கு இடையே பொதுவான ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்) ஒன்றை வரையறுத்திருக்கிறது. அதனால் ஒருவர் கட்டிய நிரலை இன்னொருவர் நூலகத்தில் ஓட்டுவது சுலபமாகும். கிளப்புகிறவரும் நூலகமும் பேசும் மொழி அந்த ஏபிஐக்குள் வரவில்லை என்பதால் தனிமரப் பழுது தொடரத்தான் செய்யும்.

இப்போது எல்லா வேலை ஸ்கிரிப்டிலும் சில வரிகள் கூடியிருக்கின்றன. பெரிய கணக்கு தொடங்குவதற்கு முன் என் சின்ன நிரல் அதே எம்பிஐரன்னால், அதே எண்ணிக்கையில் ஒரு முறை ஓடும். அது அச்சிடும் மொத்த எண்ணிக்கை கேட்டதோடு பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். திரை வெளியீட்டை டெவ்-நல்லுக்கு அனுப்பாமல் கோப்பில் சேமிக்கிறோம். ஓப்பன் எம்பிஐ 5-க்கு மாறச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதில் ஆர்டெட் போய் பிஆர்டெட் வந்திருக்கிறது, ஓஓபி வரியும் புது இடத்துக்குப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகள் முடிந்ததும் இரண்டாவது கணினியில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.